சுமை குறைந்ததா, இடம் மாறியதா?

மனிதன் தான் சுமக்கும் பொருள் சிறுக்க வேண்டும் என்றும், அது தரும் பயன் மட்டும் பெருக வேண்டும் என்றும் விரும்புவது இன்று நேற்றுத் தோன்றியதன்று. ஏட்டுச்சுவடிக் கட்டு அச்சுப் புத்தகமாயிற்று. சுவரில் தொங்கிய கடிகாரம் மணிக்கட்டுக்கு வந்தது. இன்று அவ்விருப்பம் மடிக்கணினியின்மேல் வந்து நிற்கிறது. இன்னும் சிறியதாக, இன்னும் இலேசாக, ஆனால் மேசைமேல் இருக்கும் பெருங்கணினிக்கு நிகரான ஆற்றல் உடையதாக ஒன்று வேண்டும் என்று கணினியில் பணிபுரிவோர் பலரும் கேட்கின்றனர். இவ்விருப்பம் தேவையா, பேராசையா? சற்று நிதானமாக ஆராய்வோம்.

இவ்வினாவை நம்மிடம் எழுப்பியவர் கோலார் தங்கவயலைச் சேர்ந்த ஓர் இளைஞர். 2001-ஆம் ஆண்டு பிப்ரவரித் திங்களில் சுரங்கங்கள் மூடப்பட்டபின், அவ்வூராரில் ஆயிரக்கணக்கானோர் நாள்தோறும் இரயிலேறிப் பெங்களூர் சென்று வேலை பார்த்துத் திரும்புகின்றனர் என்பதை வாசகர்கள் அறிவர். இவரும் அவர்களுள் ஒருவர். கட்டட வரைபடங்களைக் கணினியில் வரைவது இவர் தொழில். பையில் உள்ள கணினி, மின்னேற்றியோடு சேர்த்து 3 கிலோ. காலையில் மாரிக்குப்பத்தில் ஏறினால் உட்கார இடம் கிடைக்கும். மாலையில் நின்றுகொண்டேதான் திரும்ப வேண்டும். “ஐயா, ஒரு கிலோ எடையில், இதைவிட இருமடங்கு வேகத்தில் ஒன்று பார்த்துவைத்திருக்கிறேன். மாதத் தவணையில் வாங்கினால் இரண்டாண்டுக் கடன். ஆசையை அடக்கு என்றுதானே சொல்வீர்கள்?” என்று கேட்டார்.

நாம் அவ்வாறு சொல்லவில்லை. நின்றுகொண்டு வருகிறவனிடம், உட்கார்ந்திருப்பவன் துறவைப் பற்றிப் பேசுவது அறமாகாது. தோள் வலி உண்மையான வலி. அவ்வலி நீங்க வேண்டும் என்று எண்ணுவது குற்றமன்று.

மேலும், இவ்விருப்பம் வீண் கனவும் அன்று. 1972-ஆம் ஆண்டில் ஆலன் கே என்னும் அமெரிக்க அறிஞர், குறிப்பேட்டின் அளவில், இரண்டு கிலோவுக்கும் குறைந்த எடையில், சிறுவரும் தூக்கிச் செல்லத்தக்க கணினி ஒன்றைக் கற்பனை செய்து கட்டுரை எழுதினார். அதனைச் செய்து காட்டும் வசதி அப்போது எவரிடமும் இல்லை. 1981-இல் விற்பனைக்கு வந்த ஆஸ்பார்ன் 1 என்னும் கணினியைக் ‘கையில் எடுத்துச் செல்லத்தக்கது’ என்றனர். அதன் எடையோ ஏறக்குறைய 11 கிலோ; திரை 5 அங்குலம். மறு ஆண்டில், திரையை மடித்து மூடும் கிரிட் காம்பஸ் தோன்றிற்று. அது சுமார் 5 கிலோ. 2008-இல் ஆப்பிள் நிறுவனத்தின் மேக்புக் ஏர், காகித உறையொன்றிலிருந்து எடுத்துக் காட்டப்பட்டது; அது 1.36 கிலோ. இங்ஙனம் இருபத்தேழு ஆண்டுகளில் எடை எட்டில் ஒரு பங்காகக் குறைந்தது. சில்லின் கதை இதனினும் வியப்புடையது. 1971-இல் இன்டெல் 4004 என்னும் செயலியில் இருந்த டிரான்சிஸ்டர்கள் சுமார் 2,300. 2020-இல் வந்த ஆப்பிள் எம்1 சில்லில் 1,600 கோடி. ஆகவே சிறுமையும் ஆற்றலும் ஒன்றுக்கொன்று பகை என்று எவரும் அறுதியிட்டுக் கூற இயலாது.

ஆயினும், எல்லாம் காரணத்தால் தோன்றுவன அன்றோ? விளைவை விரும்புவோர் அதற்குரிய காரணத்தையும் காண வேண்டும். செயலி உண்ணும் மின்சாரம் முழுவதும் இறுதியில் வெப்பமாகிறது. அவ்வெப்பம் வெளியேற இடமும் காற்றும் வேண்டும். உடல் மெலிந்த கருவியில் இடம் குறைவு. வெப்பம் மிகும்போது செயலி தன்னைக் காத்துக்கொள்ளத் தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும். ஆகையால் ஒரே சில்லைத் தடித்த கணினியிலும் மெல்லிய கணினியிலும் பொருத்தினால், சில நிமிடப் பணியில் இரண்டும் சமமாக ஓடும். ஒரு மணி நேரப் பணியில் மெல்லியது பின்தங்கும். பேட்டரியும் அத்தகையதே. நெடுநேரம் உழைக்க வேண்டுமாயின் அது பெரிதாக இருத்தல் வேண்டும், பெரிதாயின் கனக்கும்.

2015-இல் ஆப்பிள் நிறுவனம் 0.92 கிலோ எடையில் விசிறியே இல்லாத கணினி ஒன்றை வெளியிட்டது. மின்னேற்றுவதற்கும் பிற கருவிகளை இணைப்பதற்கும் அதில் இருந்தது ஒரே துளை. 2019-இல் அவ்வகை நிறுத்தப்பட்டது. 2009-இல் வந்த சோனி வாயோ பி வகைக் கணினியோ சுமார் 600 கிராம்தான். ஆனால் 8 அங்குலத் திரையில் எழுத்துகள் மிகப் பொடியாகத் தெரிந்தன, செயலியும் மந்தம். சில்லு சிறுத்ததற்காக மனிதனின் விரலும் கண்ணும் சிறுத்துவிடவில்லை. எதனையும் இழவாமல் எல்லாவற்றையும் பெறவேண்டும் என்னும் எண்ணம் எங்கே நுழைகிறதோ, அங்கே விருப்பம் மயக்கமாக மாறத் தொடங்குகிறது.

நிற்க. நாம் முதன்மையாகக் கூற விரும்புவது வேறு. நம் பையிலிருந்து குறைந்த சுமை எங்கே போயிற்று?

பழைய மடிக்கணினியின் அடிப்பலகையைத் திருகாணி கழற்றித் திறந்தால், நினைவகத்தை மாற்றலாம், வட்டை மாற்றலாம், பேட்டரியை விரலால் தள்ளியே கழற்றலாம். கணினியை மெலியச் செய்வதற்காகப் பலவற்றில் நினைவகத்தை மின்சுற்றுப் பலகையோடு ஈயப்பற்று வைத்துச் சேர்த்தனர். பேட்டரியைப் பசையால் ஒட்டினர். விளைவு யாது? ஓர் உறுப்புப் பழுதுற்றால் முழுக் கருவியும் பழுதாகிறது. சில ஆண்டுகளில் அது குப்பைக்குப் போகிறது. ஐக்கிய நாடுகள் சார்ந்த அறிக்கையின்படி, 2022-ஆம் ஆண்டில் மட்டும் உலகில் சேர்ந்த மின்னணுக் கழிவு 6 கோடியே 20 இலட்சம் டன். அதில் முறையாகச் சேகரித்து மறுசுழற்சி செய்யப்பட்டதாகக் கணக்கில் வந்தது 22.3 விழுக்காடே.

எஞ்சியதில் ஒரு பகுதி தில்லியின் சீலம்பூர் போன்ற இடங்களில் ஏழைகளின் கைக்கு வருகிறது. அவர்கள் கம்பிகளை எரித்துச் செம்பு எடுக்கின்றனர். பலகைகளை அமிலத்தில் இட்டுப் பொன் எடுக்கின்றனர். ஆம், கணினிப் பலகையிலும் பொன் உண்டு. ஒரு டன் பலகையில் உள்ள பொன், ஒரு டன் சுரங்கத் தாதுவில் உள்ளதைவிடப் பன்மடங்கு. தங்கவயலில் 3 கிலோமீட்டருக்கும் அதிகமான ஆழத்தில் இறங்கிப் பாறையை உடைத்து, அதன் தூசியை நெஞ்சில் வாங்கியவர்களின் பிள்ளைகளுக்கு இதனை விரித்துரைக்க வேண்டியதில்லை. பொன் யார் கழுத்தில் மின்னியது, தூசி யார் நெஞ்சில் தங்கியது என்பதை அவர்கள் அறிவர். பேட்டரிக்கு வேண்டிய கோபால்ட்டில் பாதிக்கும் மேற்பட்டது ஆப்பிரிக்காவின் காங்கோ நாட்டில் தோண்டப்படுகிறது. அங்கும் சுரங்கம், அங்கும் வெறுங்கையால் தோண்டும் ஏழைகள்.

“கருவி சிறியதாக இருக்கட்டும், ஆற்றலைத் தொலைவிலுள்ள பெருங்கணினிகளிடம் இணைய வழியே பெற்றுக்கொள்ளலாமே” என்பர் சிலர். நல்ல வழிதான், பலருக்குப் பயன்படுகிறது. ஆனால் அப்பெருங்கணினிகளும் மின்சாரம் உண்கின்றன. அவற்றைக் குளிர்விக்கப் பல இடங்களில் நீரும் செலவாகிறது. அங்கும் சுமை மறையவில்லை; நம் கண்ணுக்குத் தெரியாத இடத்திற்குச் சென்றிருக்கிறது.

ஆகவே, “இவ்விருப்பம் பெரிதா, சிறிதா?” என்பது சரியான வினாவன்று. “எதற்காக?” என்பதும், “யார்மேல்?” என்பதுமே சரியான வினாக்கள். பிக்குகள் சீவரத்தை அணியும்போது, இது குளிரையும் வெயிலையும் கொசுக்கடியையும் தடுக்கவும் உடலை மறைக்கவுமே என்று எண்ணி அணியக் கற்பிக்கப்பட்டனர். சீவரம் வேண்டாம் என்று அவர்களுக்குச் சொல்லப்படவில்லை. பயனை நினைந்து பயன்படுத்து என்றே சொல்லப்பட்டது. அம்முறை சீவரத்துக்குப் பொருந்துவது போலவே கணினிக்கும் பொருந்தும்.

இதனையே நாம் அவ்விளைஞரிடம் கூறினோம். முதலில், உம் கணினி எப்பணியில் பின்தங்குகிறது என்று பாரும் என்றோம். அவர் ஒரு வாரம் கவனித்தார். வரைவதில் அன்று, கோப்புகளைத் திறப்பதிலேயே காலம் போகிறது எனக் கண்டார். பழைய சுழல் வட்டை நீக்கி எஸ்.எஸ்.டி. பொருத்தி, நினைவகத்தையும் கூட்டினார். இரண்டாண்டுக் கடனுக்குப் பதில், ஒரு மாதத் தவணையைவிடச் சற்று அதிகமான தொகையோடு வேகத்தின் குறை தீர்ந்தது.

“எடை குறையவில்லையே, ஐயா!” என்று சிரித்தார். உண்மை, அதற்கு நம்மிடம் விடையில்லை. அக்கணினி உழைத்து ஓய்ந்தபின், இலேசான ஒன்றை வெட்கப்படாமல் வாங்கும் என்றோம். ஆனால் வாங்குமுன், பேட்டரியை மாற்ற முடியுமா, நினைவகத்தைக் கூட்ட முடியுமா என்று கடைக்காரரைக் கேளும் என்றோம். 2021-இல் ஃப்ரேம்வொர்க் என்னும் நிறுவனம், ஏறக்குறைய 1.3 கிலோ எடையில், பேட்டரி, நினைவகம் முதலிய உறுப்புகளை உடையவரே மாற்றிக்கொள்ளும் கணினியை வெளியிட்டது. அது எல்லா நாடுகளிலும் கிடைப்பதில்லை; எனினும் மெலிவும் நீடுழைப்பும் ஓரளவு ஒன்றுபட இயலும் என்பதற்கு அது சான்று. கேட்பவர் பெருகினால் செய்பவரும் பெருகுவர்.

இறுதியாக ஒன்று. இவ்வறம் எல்லார்க்கும் ஒரே அளவினதன்று. நாள்தோறும் நான்கு மணி நேரம் இரயிலில் கழிப்பவர் ஒரு கிலோ குறையக் கேட்பதும், மேசையை விட்டு நகராதவர் ஆண்டுதோறும் புதியது கேட்பதும் ஒன்றாகா. கருவியைத் திறக்கவே இயலாதபடி ஒட்டி விற்பவரின் பொறுப்போ இவ்விருவரினும் பெரிது. எளியவன் தோளில் இருக்கும் சுமையை இறக்குவோம். இறக்கும்போது அதனை வேறோர் எளியவன் தலையில் வைக்கின்றோமா என்று திரும்பிப் பார்ப்போமாக.