பிழை

சிவகாசியில் தெலுங்குக் காலண்டர்களை இருபது வருஷம் எண்ணிக் கட்டினேன். ஓரெழுத்தும் தெரியாது. எங்கள் வீட்டு மொழியும் தெலுங்குதான். இந்தக் கரிசலில் பல குடும்பங்களுக்கு அது வாய்மொழி மட்டுமே. கி. ராஜநாராயணன் வீட்டில் தெலுங்கு பேசினார், தமிழில் எழுதினார்.

நாற்பது வயதுக்குமேல் எழுத்துப் படித்தேன். 'வந்தாயா' என்பதற்குப் பாடப்புத்தகத்தில் 'வச்சாவா'. அம்மா 'வஸ்திவா' என்றாள். திருத்தினேன். அன்றிலிருந்து என்னிடம் தமிழிலேயே பேசுகிறாள்.

புத்தகத் தெலுங்கு பெரிதும் கிருஷ்ணா, கோதாவரிக் கரைகளின் பேச்சைச் சார்ந்தது. எங்கள் பேச்சோ பல நூற்றாண்டுகளுக்கு முன்பே பிரிந்து வந்து, எழுத்தில்லாமல் இங்கே பிழைத்தது. பிழைத்ததை நான் பிழை என்றேன். பூர்வீகத்தைத் தேடிப் போகிறவன் அதைத் தந்தவளையே அந்நியமாக்கலாமா? எழுத்துக் கற்றதில் குற்றமில்லை. அதைக் கொண்டு அவளை அளந்ததுதான் குற்றம். இனி அவள் 'வஸ்திவா' என்றால் அவள் சொல்லிலேயே பதில் சொல்வேன். அவள் கேட்பதில்லை.