ஊறட்டும்

நவம்பர் முதல் வாரம், ஒரு சனிக்கிழமை. ஜெர்மனியின் டிரெஸ்டனில் எங்கள் கீழ்வீட்டுப் பாட்டி என்னைச் சமையலறைக்கு அழைத்து ஒரு பெரிய சட்டியைத் திறந்து காட்டினார். முதல் நாள் இரவே ரம்மில் போட்டு வைத்த உலர்திராட்சை, ஒவ்வொன்றும் உப்பிப் பளபளத்தது. ஒரு கிலோ மாவுக்கு அரைக் கிலோ வெண்ணெய், 650 கிராம் திராட்சை. போதாததற்குப் பாகில் ஊறிய ஆரஞ்சு, எலுமிச்சைத் தோல், பாதாம். “மாவு இத்தனையும் தாங்குமா?” என்றேன். “அவசரப்படுத்தாவிட்டால் தாங்கும்” என்றார்.

கிறிஸ்துமஸுக்கென்று இங்கே சுடும் ஸ்டோலன் ரொட்டி அடுப்பிலிருந்து வந்ததும் அவர் செய்த முதல் வேலை, மேலே துருத்திக்கொண்டு கரிந்திருந்த திராட்சைகளை ஒவ்வொன்றாகக் கிள்ளி எடுத்தது. விட்டால் அந்தத் துண்டே கசக்குமாம். பிறகு உருக்கிய வெண்ணெய், அதன்மேல் சர்க்கரை. கடைசியில், குழந்தை இயேசுவைத் துணியில் சுற்றியதுபோல என்று இங்கே சொல்லும் அந்த வடிவத்தை, உண்மையாகவே ஒரு துணியில் சுற்றி நிலவறைக்குக் கொண்டுபோனார். நான்கு வாரம் கழித்துத்தான் கத்தி படவேண்டும்.

எனக்கென்று தந்ததை அன்றிரவே வெட்டினேன். வெண்ணெய் ஒரு பக்கம், திராட்சை ஒரு பக்கம் என்று ஒட்டாமல் நின்றது சுவை. மாவடு ஜாடிக்குள் மூன்றாம் நாளே கைவிட்ட என்னை, “ஊறட்டும்டி” என்று அம்மா தடுத்த குரல் காதில் விழுந்தது. தோல் சுருங்கி, உப்பும் மஞ்சளும் உள்ளே இறங்கும்வரை அம்மா தினமும் ஜாடியைக் குலுக்கி வைப்பாள். அவ்வளவுதான் நம்மால் ஆவது. மீதியைச் செய்வது நாட்கள்.

இந்த ஊர் காத்திருந்து பழகிய ஊர். ஒரு காலத்தில் கிறிஸ்துமஸுக்கு முந்தைய திருவருகைக்கால நோன்பில் வெண்ணெய்க்குத் தடை. எண்ணெய் விட்டுப் பிசைந்தார்கள். 1491-இல் போப் எட்டாம் இன்னொசென்ட் அனுமதி தந்த கடிதத்தை இன்றும் ‘வெண்ணெய்க் கடிதம்’ என்கிறார்கள். கிழக்கு ஜெர்மனியாக இருந்த நாட்களில் திராட்சையும் பாதாமும் மேற்கிலிருந்த உறவினரின் பார்சலில் வரும். அவை ஸ்டோலனாகித் திரும்ப மேற்குக்கே போகும். எல்லைக்கு இருபுறமும் ஒரே ரொட்டியை அறுத்துத் தின்றவர்கள், அதற்காக எத்தனை வாரம் காத்திருந்திருப்பார்கள்!

நவம்பர் கடைசியில் ஸ்ட்ரீட்சல்மார்க்ட் என்ற கிறிஸ்துமஸ் சந்தை தொடங்கிவிடும். 1434-இல் கிறிஸ்துமஸுக்கு முந்தைய ஒரே ஒரு நாள் இறைச்சிச் சந்தையாகத் தொடங்கியது. ஸ்டோலனின் பழைய பெயரைத் தாங்கி நிற்கிறது. வீட்டுக்கு வீடு வெப்பமூட்டி இருக்க, இந்தக் குளிரில் ஏன் வெளியே நிற்கிறார்கள் என்று முதல் வருடம் எனக்குப் புரியவில்லை. நாலரை மணிக்கே இருட்டு. உலர்ந்த பிளம் பழங்களைக் கோத்துச் செய்த குட்டிப் புகைபோக்கித் துப்புரவாளர் பொம்மைகள் வரிசையாக நிற்கின்றன. கையுறையைக் கழற்றிவிட்டு, சூடான ஒயின் கோப்பையை இரு கையாலும் பிடித்தேன். பட்டையும் கிராம்பும் முகத்தில் ஆவியாக அடித்தன. உயரமான மேசையில் நின்ற முன்பின் தெரியாத இருவர், ஒன்றும் சொல்லாமல் அரையடி நகர்ந்து எனக்கு இடம்விட்டார்கள்.

அப்போதுதான் புரிந்தது. தனியாகக் காத்திருப்பது பாரம். இவர்கள் அதைச் சேர்ந்து செய்ய ஓர் இடம் வைத்திருக்கிறார்கள். 24-ஆம் தேதி சந்தையை மூடிவிடுவார்கள். பண்டிகை வந்ததும் அவரவர் வீடு. நினைத்ததெல்லாம் மறுநாளே வாசலுக்கு வந்துவிடும் நம் நாட்களில் நான் இழந்தது இதைத்தான் என்று நினைக்கிறேன்: வரப்போவதை நினைத்துக்கொண்டிருக்கும் அந்தச் சில வாரங்களை.

இப்போது பாட்டியின் விரல்களுக்கு மாவு பிசைய வலுவில்லை. நான் பிசைகிறேன், அவர் கரிந்த திராட்சைகளைக் கிள்ளுகிறார். போன வருடம் ஒன்றை மதுரைக்கு அனுப்பினேன். நடுவில் வெட்டி, இரு பாதியையும் மறுபடி ஒட்டவைத்தால் உலராது என்று எழுதியும் வைத்தேன். பார்சல் கிடைத்த அன்று அம்மா போன் செய்தாள்.

“வெட்டிரலாமாடி, இல்ல இன்னும் ஊறணுமா?”