கை மறக்காத பாடம்

பொறியியல் கல்லூரியிலோ அறிவியல் கல்லூரியிலோ படித்த எவருக்கும் ரெக்கார்டு நோட்டைப் பற்றி விளக்க வேண்டியதில்லை. ஆய்வுக்கூடத்தில் சோதனை செய்து, கிடைத்த அளவுகளை அட்டவணையிட்டு, கணக்குப் போட்டு, முடிவை எழுத வேண்டும் என்பது விதி. நடைமுறை பெரும்பாலும் வேறு. சீனியரின் பழைய நோட்டு கைமாறி வரும். வரவேண்டிய விடை எல்லோருக்கும் தெரியும். அந்த விடையிலிருந்து பின்னோக்கிக் கணக்குப் போட்டு, நம்பும்படியாக அங்கங்கே சற்று முன்பின்னாக ரீடிங்குகள் எழுதப்படும். கையெழுத்துப் போடும் ஆசிரியருக்கும் இது தெரியாததல்ல. அவரும் அந்த வழியாக வந்தவர்தான். ஒரு மாணவர் பட்டம் வாங்குவதற்குள் இதை எத்தனை முறை செய்திருப்பார் என்று எண்ணிப் பார்த்தால், கல்லூரி அவருக்கு இடைவிடாமல் அளித்த பயிற்சியே இதுதானோ என்று தோன்றும். சூத்திரங்கள் ஐந்தாண்டில் மறந்துபோகலாம். முடிவை முதலில் வைத்துக்கொண்டு அளவை அதற்கு வளைக்கும் பழக்கம் அவ்வளவு எளிதில் போகாது. கட்டுமானத் தளத்தில் கான்கிரீட்டின் 28 நாள் வலிமையைப் பதிவேட்டில் எழுதும் கையும், ரெக்கார்டு நோட்டு எழுதிப் பழகிய அதே கைதான்.

‘பயிலுதல்’ என்ற சொல்லுக்குக் கற்றல் என்றும் பொருள் உண்டு, அடிக்கடி நிகழ்தல் என்றும் பொருள் உண்டு. இரண்டையும் ஒரே சொல்லில் வைத்த நம் மொழிக்குத் தெரிந்த ஒன்றைப் பல்கலைக்கழகங்கள் மறந்துவிட்டன. என்ன கற்பிக்கிறீர்கள் என்று கேட்டால் பாடத்திட்டத்தை எடுத்து நீட்டுவார்கள்; பயிற்சி என்ன தருகிறீர்கள் என்று கேட்டால், கடைசி ஆண்டில் பிளேஸ்மென்ட்டுக்காக நடத்தும் ஆப்டிட்யூட் வகுப்பையும் குழு விவாதத்தையும் காட்டுவார்கள். அது நேர்காணலைத் தாண்ட உதவும். வேண்டாம் என்று யாரும் சொல்லப்போவதில்லை. ஆனால் ஒரு மாணவரின் பின்னாளைய வாழ்க்கையைத் தீர்மானிப்பது, அந்தச் சில வாரங்களைவிட, அதற்கு முந்தைய ஆண்டுகளில் அவரைத் திரும்பத் திரும்ப எதைச் செய்ய வைத்தோம், யாருக்காகச் செய்ய வைத்தோம் என்பதே.

ரெக்கார்டு நோட்டுப் பழக்கத்துக்கு நேர்மாறான திசையில் பழக்கிய ஓர் இடம் வேலூரில் இருக்கிறது. ராணிப்பேட்டையில் 1870-இல் ஓர் அமெரிக்க மிஷனரிக் குடும்பத்தில் பிறந்த ஐடா ஸ்கடர், 1900-இல் வேலூரில் ஒற்றைப் படுக்கையோடு மருத்துவம் பார்க்கத் தொடங்கினார். 1918-இல் பெண்களுக்கான மருத்துவப் பள்ளியைத் திறந்தார். 1942-இல் அது எம்.பி.பி.எஸ். கற்பிக்கும் கல்லூரியாயிற்று, 1947-இல் ஆண்களும் சேர்ந்தார்கள். நோயாளி ஆஸ்பத்திரிக்கு வரட்டும் என்று ஐடா காத்திருக்கவில்லை. கிராமச் சாலைகளில் வண்டியை ஓட்டிப் போய், வழியில் காத்திருக்கும் கூட்டத்துக்கு மரத்தடியிலேயே மருந்து கொடுத்தார். மாணவிகளும் உடன் போனார்கள். அந்த வழக்கம் பிற்காலத்தில் படிப்பின் பகுதியாகவே ஆயிற்று. மாணவர்கள் கிராமத்துக்குப் போய் வீடு வீடாக ஏறி இறங்கிக் குடும்பங்களின் நிலையைக் கணக்கெடுப்பதும், பட்டம் வாங்கியபின் இரண்டு ஆண்டுகள் தேவை மிகுந்த இடங்களில் பணிபுரிவதும் அக்கல்லூரியின் அடையாளங்கள். வார்டில் பார்த்தால் வயிற்றுப்போக்கு ஒரு கேஸ். கிராமத்தில் பார்த்தால் அது ஒரு கிணறு, ஒரு குடம், பஸ்ஸுக்குக் காசில்லாமல் தள்ளிப்போன இரண்டு நாள். இரண்டாவது விதமாகவும் பார்த்துப் பழகியவர், பிறகு எங்கே உட்கார்ந்து மருந்துச்சீட்டு எழுதினாலும், இந்த நோயாளி மறுபடி எப்படி வந்து சேருவார் என்று ஒரு கணம் யோசிப்பார்.

வேலூரில் படித்த ரஜனிகாந்த் ஆரோலே, மேபல் ஆரோலே தம்பதி 1970-இல் மகாராஷ்டிரத்தின் ஜாம்கேடு பகுதியில் பணியைத் தொடங்கினார்கள். ஊர் மக்கள் முதலில் கேட்டது மருந்தையல்ல, தண்ணீரையும் சோற்றையும். அதையே முதல் வேலையாக எடுத்துக்கொள்ள அந்த மருத்துவர்களால் முடிந்தது. 1979-இல் அவர்களுக்கு மகசேசே விருது கிடைத்தது. விருதைவிட, நோய்க்கு முன்னால் ஊரைப் பார்க்கத் தெரிந்த அந்தப் பார்வைதான் இங்கே கவனிக்க வேண்டியது.

இங்கே ஒரு மறுப்பு எழும். அப்படிப்பட்ட மனம் உள்ளவர்கள்தானே அந்தக் கல்லூரியைத் தேடிப் போனார்கள்? நுழைவுத் தேர்வோடு நிறுத்தாமல், பல நாள் நேர்காணல் வைத்துப் பொறுக்கி எடுத்த கல்லூரி அது. விதை நன்றாயிருந்ததற்கு உழவைப் புகழலாமா? நியாயமான கேள்வி. வேலூரை மட்டும் வைத்துக்கொண்டு இதற்கு முழுப் பதில் சொல்ல முடியாது. ஜாம்கேட்டில் நடந்ததைச் சேர்த்துப் பார்த்தால் சொல்லலாம். ஆரோலே தம்பதி அங்கே கிராமத்துப் பெண்களைச் சுகாதாரப் பணியாளர்களாக்கினார்கள். அவர்களில் பலர் எழுதப் படிக்கத் தெரியாதவர்கள், ஒடுக்கப்பட்ட சாதிகளைச் சேர்ந்தவர்கள். எந்த நுழைவுத் தேர்வும் அவர்களைத் தேர்ந்தெடுத்ததில்லை. அதுவரை ஊரில் அவர்கள் பேச்சை யாரும் பெரிதாகக் கேட்டதுமில்லை. ஒரே முறை கூட்டி வைத்துச் சான்றிதழ் கொடுத்து அனுப்பாமல், அவர்களைத் தொடர்ந்து வரவழைத்து, பார்த்ததைச் சொல்ல வைத்து, மேலும் கற்பித்தார்கள். பிரசவம் பார்க்கவும், குழந்தையின் எடையைக் கவனிக்கவும், தொழுநோயின் தொடக்கத்தை அடையாளம் காணவும் அவர்கள் பழகினார்கள். விதைக்குப் பங்கு உண்டுதான். ஆனால் யாரும் விதையென்றே நினைக்காத இடத்தில் பயிர் வந்திருக்கிறது என்றால், உழவுக்கும் பங்கு உண்டு.

இரண்டாவது மறுப்பு, கட்டாயத்தைப் பற்றியது. ஒப்பந்தம் போட்டு அனுப்பிய சேவை சேவையாகுமா? அந்த இரண்டு ஆண்டு முடிந்ததும் பெட்டியைக் கட்டிக்கொண்டு நகரத்துக்கோ வெளிநாட்டுக்கோ போகிறவர்கள் உண்டே? உண்டு. கட்டாயத்தால் நல்ல மனத்தை உண்டாக்க முடியும் என்று நானும் நம்பவில்லை. அதனால் ஆகக்கூடியது ஒன்றே: அறியாமையைச் சாக்காகச் சொல்லும் வழியை அது அடைத்துவிடும். நர்ஸ் இல்லாத இரவையும் ரத்தம் கிடைக்காத பிரசவத்தையும் பார்த்தவர், விட்டுப் போனாலும் தெரிந்தே விட்டுப் போகிறார். தங்குவதா போவதா என்பது அவர் முடிவு. முடிவெடுக்கத் தேவையான அறிவைத் தருவது பல்கலைக்கழகத்தின் கடமை. சைக்கிள் பழகும் பிள்ளையும் முதல் வாரம் விருப்பத்தோடா விழுகிறது?

மூன்றாவது மறுப்பு இன்னும் கனமானது. பயிற்சி பார்வையைக் கூர்மையாக்கும் அளவுக்குக் குறுக்கவும் செய்யும் என்பது அது. தொழுநோயில் விரல்கள் குறுகுவது நோயின் இயல்பு, சதையே கெட்டு உதிர்கிறது என்று படித்த மருத்துவர்களே நெடுங்காலம் நம்பினார்கள். அந்த நம்பிக்கையும் பயிற்சியின் விளைவுதான். தொடாமல் விலகிப் போகும் பயிற்சி. கொல்லிமலையில் 1914-இல் பிறந்து, 1946-இல் வேலூருக்குக் கற்பிக்க வந்த எலும்பு அறுவை மருத்துவர் பால் பிராண்ட், செங்கல்பட்டுத் தொழுநோய் நிலையத்துக்குப் போனபோது, முடங்கிய விரல்களில் இன்னும் வலு இருப்பதைக் கைகொடுத்து உணர்ந்தார். உணர்ச்சி போனதால் சூட்டையும் காயத்தையும் அறியாமல் கை பாழாகிறது என்று அவரும் உடன் பணியாற்றியவர்களும் காட்டினார்கள். தசைநாண்களை மாற்றிப் பொருத்தி விரல்களை மீண்டும் இயங்க வைத்தார்கள். பயிற்சியே இல்லாதவரால் இதைக் கண்டிருக்க முடியாது. தன் துறைக்குள்ளேயே நின்றிருந்தால் பிராண்டாலும் கண்டிருக்க முடியாது. எலும்பைப் பார்த்துப் பழகிய கண், அதுவரை போகாத ஓர் இடத்துக்குப் போனதால் நடந்தது இது. எனவே பயிற்சியின் குறுகலுக்கு மருந்து பயிற்சியைக் குறைப்பதல்ல, பயின்றதோடு வேறிடம் அனுப்புவது.

எல்லாக் கல்லூரியும் வேலூராக முடியாது, வேண்டியதும் இல்லை. கவுன்சலிங்குக்குப் போகும் பெற்றோர், எத்தனை பேருக்கு வேலை கிடைத்தது என்பதோடு, உங்கள் மாணவர்கள் வாரா வாரம் என்ன செய்கிறார்கள் என்றும் கேட்கலாம். முன்னாள் மாணவர் சங்கங்கள் கட்டடத்துக்கு நன்கொடை கொடுப்பதோடு, இந்தக் கல்லூரி எங்களுக்குள் எந்தப் பழக்கத்தை ஏற்றியது, அதில் எது வேலையிடத்தில் கைகொடுத்தது, எது தலைகுனிய வைத்தது என்று வந்து சொல்லலாம். அதைவிடச் சிறிய, காசு செலவில்லாத தொடக்கம் ஒன்று இருக்கிறது. மீட்டர் காட்டியதை அப்படியே எழுதி, விடை ஏன் பிசகியது என்று நான்கு வரி விளக்கிய மாணவருக்கு முழு மதிப்பெண் போட்டு, அந்த ரெக்கார்டு நோட்டில் ஆசிரியர் கையெழுத்திடலாம்.