முதலாளிக்கு என்ன கூலி?



வேலையாளுக்கு என்ன சம்பளம் என்று கேட்டால் நம்மில் எவரும் உடனே சொல்லிவிடுவோம். "உமக்கு என்ன சம்பளம்?" என்று கேட்டாலோ, "நம் கல்லாதானே, வேண்டும்போது எடுத்துக்கொள்கிறோம்" என்போம். இது முறைதானா?

நம் சுங்கை வே பக்கத்தில் வீடுகளுக்குப் புல் வெட்டிக் கொடுக்கும் சிறு தொழில் ஒன்றை உதாரணமாகக் கொள்வோம். மாத வரவு 12,000 வெள்ளி. மூன்று ஆட்கள். 2025 ஆகஸ்டு முதல் ஐந்து பேருக்குக் குறைவாக வைத்திருப்போரும் குறைந்தது 1,700 வெள்ளி சம்பளம் கொடுக்க வேண்டும். ஆகவே மூவருக்கும் 5,100. சேமநிதி, சொக்சோ, பெட்ரோல், லோரித் தவணை 2,900. மீதி 4,000. முதலாளி இதனை லாபம் என்று எண்ணிச் செலவழிக்கிறார். ஆனால் லோரி ஓட்டவும், ஆட்களைக் கவனிக்கவும், பணம் வசூலிக்கவும் வேறொருவரை வைத்தால் 3,000 வெள்ளியாவது கொடுக்க வேண்டுமல்லவா? ஆகவே 3,000 கூலி; 1,000 மட்டுமே லாபம். மழை மாதத்தில் மீதி 2,500 ஆகிவிட்டால் தொழில் 500 வெள்ளி நஷ்டத்தில் ஓடுகிறது. தம் கூலியை நிர்ணயிக்காதவர் இதை அறியவே மாட்டார்.

"நம் பணத்தை நாம் எடுப்பதில் குற்றமென்ன?" எனலாம். கல்லாவில் கிடப்பதெல்லாம் நம்முடையதன்று. சரக்குக் கொடுத்தவரின் கடன், வேலையாளின் கூலி, ஏழையின் ஜகாத் ஆகிய ஹக்குகள் அதில் கலந்துள்ளன. நாம் மௌத்தானாலும் கடன் தீர்ந்த பிறகே வாரிசுகளுக்குப் பங்கு. கூட்டு வியாபாரமாயின் இன்னும் கவனம் தேவை. வேறு ஒப்பந்தம் இல்லையேல் பங்காளி தம் உழைப்புக்குச் சம்பளம் கோர முடியாது என்பதே 1961-ஆம் ஆண்டுப் பங்குடைமைச் சட்டத்தின் விதி. ஆகவே முன்கூட்டியே பேசி எழுதிக்கொள்வது நலம்.

ஹஸ்ரத் அபூபக்கர் ஸித்தீக் (ரலி) அவர்கள் துணி வியாபாரி. கி.பி. 632-இல் கலீஃபாவான பின்னும் துணிகளைத் தோளில் சுமந்து கடைவீதிக்குப் புறப்பட்டார்கள். உமர் (ரலி), அபூஉபைதா (ரலி) ஆகியோரே தடுத்து, பைத்துல்மாலிலிருந்து நடுத்தரக் குடும்பத்திற்குப் போதுமான தொகையை நிர்ணயித்தனர். பொக்கிஷமே கையிலிருந்தும் அவர்கள் தம் இஷ்டம்போல் எடுத்துக்கொள்ளவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். அனாதையின் சொத்தைப் பராமரிக்கும் ஏழைக்கும் குர்ஆன் நியாயமான அளவையே அனுமதிக்கிறது.

சிலர் இதற்கு நேர்மாறு. தொழில் வளரட்டும் என்று வீட்டிற்கு ஒன்றும் கொடுப்பதில்லை. மனைவி மக்களுக்குச் செலவு கொடுப்பது கடமையாயிற்றே! அவர்களைப் பட்டினி போட்டுப் பெருக்கிய தொகை லாபமாகாது.

ஆகவே, நம் வேலையை வேறொருவர் செய்தால் என்ன கொடுப்போமோ, அதையே நமக்குக் கூலியாக எழுதுவோம். வருமானவரிக் கணக்கில் தனி முதலாளியின் சம்பளம் செலவாகக் கழியாது. நம் பேரேட்டில் எழுதத் தடையில்லை. வரவு குறைந்த மாதத்தில் ஆட்களுக்கே முதலில் கொடுப்போம். நம் கூலியில் குறைவதைப் பாக்கியென எழுதுவோம். மறுமையில் கணக்குக் கொடுக்க வேண்டியவர்கள் இங்கேயே கணக்கு வைத்துப் பழகுவது நல்லது. அல்லாஹ் நம் ரிஸ்கில் பரக்கத் செய்வானாக! ஆமீன்.