பொறுப்பும் பொறுமையும்

நோயாளியைப் பார்த்துக்கொள்வதற்கும் விமானத்தைப் பழுதின்றி வைத்திருப்பதற்கும் தமிழில் ஒரே சொல்தான்: பராமரிப்பு. இரண்டுமே ஒழுங்காக நடக்கும்வரை யார் கண்ணிலும் படாத வேலைகள். கழுவிய பாத்திரத்தை யாரும் கவனிப்பதில்லை. பத்திரமாகத் தரையிறங்கிய விமானம் செய்தியாவதில்லை.

1988 ஏப்ரல் 28 அன்று ஹவாய்த் தீவுகளில் ஹிலோவிலிருந்து ஹொனலூலுவுக்குப் புறப்பட்ட அலோஹா ஏர்லைன்ஸ் விமானத்தின் மேற்கூரையில் ஒரு பெரும்பகுதி, 24,000 அடி உயரத்தில் பிய்த்துக்கொண்டு போனது. உள்ளே 95 பேர் இருந்தார்கள். இருக்கைகளுக்கு நடுவே நின்று வேலை செய்துகொண்டிருந்த பணிப்பெண் கிளாராபெல் லான்சிங் வெளியே வீசப்பட்டார். அவரது உடல்கூடக் கிடைக்கவில்லை. இறந்தவர் அவர் ஒருவர்தான். ஓரிடத்தில் பராமரிப்பு தவறியதற்கு, இன்னோரிடத்தில் பிறரைப் பராமரித்துக்கொண்டிருந்த பெண் உயிரைக் கொடுத்தார்.

அந்த போயிங் 737, 19 ஆண்டுகளில் ஏறக்குறைய 90,000 முறை பறந்திருந்தது. ஒவ்வொரு முறையும் அதன் உடல் காற்றழுத்தத்தில் விரிந்து சுருங்கும். உப்புக்காற்று வேறு. தகடுகளை ஒட்டியிருந்த பசை விட்டுப்போய், ரிவெட்டுகளைச் சுற்றி விரிசல்கள் பெருகியிருந்தன. அவற்றைக் கண்டுபிடிக்க வேண்டிய ஊழியர்களின் வேலை எப்படிப்பட்டது என்பதையும் விசாரணை அறிக்கை பதிவு செய்திருக்கிறது. பகலில் விமானம் பறக்க வேண்டும் என்பதால் சோதனை இரவில்தான். சாரத்தில் ஏறி, சில வேளை உத்தரத்தில் கட்டிய கயிற்றின் பிடிமானத்தில், விளக்கு வெளிச்சத்தில் ரிவெட் ரிவெட்டாக மயிரிழை விரிசலைத் தேட வேண்டும்.

அப்படியானால் தவறு யாருடையது? கையெழுத்துப் போட்டவருடையதா, அந்த இரவையும் அந்தக் கயிற்றையும் கொடுத்த நிர்வாகத்துடையதா? பழி கீழ்நோக்கி வழியும் என்பது பெண்களுக்குத் தெரியும். குழந்தை மெலிந்தால் தாயைத்தான் கேட்பார்கள். வீட்டுச் செலவுக்கு எவ்வளவு கொடுத்தாய் என்று தகப்பனைக் கேட்பதில்லை. அந்த அறிக்கை ஊழியரோடு நிற்காமல், நிர்வாகத்தின் மேற்பார்வையையும் அரசு ஆணையத்தையும் குறை சொன்னது. அது நியாயம். ஆனால் 'எல்லாம் அமைப்பின் குற்றம்' என்று முடித்துவிட்டால் தனிமனிதர் செய்யக்கூடியது எதுவுமில்லை என்றாகிவிடும்.

செய்ய முடியும். 1997இல் அலாஸ்கா ஏர்லைன்ஸின் மெக்கானிக் ஒருவர், வால்பகுதியை இயக்கும் திருகுத்தண்டு அமைப்பின் தேய்மானம் அனுமதித்த எல்லையைத் தொட்டுவிட்டதைக் கண்டு, மாற்ற வேண்டும் என்று எழுதிவைத்தார். பின்னர் வந்தவர்கள் மீண்டும் அளந்து, எல்லைக்குள் இருப்பதாகச் சொல்லி விமானத்தை அனுப்பினார்கள். 2000 ஜனவரி 31 அன்று அதே விமானம் பசிபிக் கடலில் விழுந்து 88 பேரும் இறந்தார்கள். மசகு போதாமல் அந்தத் திருகுத்தண்டைப் பிடித்திருந்த நட்டின் புரிகள் தேய்ந்துபோயிருந்தன. அவர் எழுதியது விமானத்தை நிறுத்தவில்லை. ஆனாலும் எழுதப்பட்டிருந்ததால்தான், 'யாருக்கும் தெரியாது' என்று பிறகு யாராலும் சொல்ல முடியவில்லை.

அலோஹா விமானத்தில் ஏறும்போது ஒரு பெண் பயணி அதன் உடலில் விரிசலைப் பார்த்தார், யாரிடமும் சொல்லவில்லை. ஏன் என்று ஊகிக்க எனக்கு உரிமையில்லை. அவரிடத்தில் நான் இருந்திருந்தால்? 'உனக்கு என்ன தெரியும்?' என்று கேட்டுக் கேட்டு வளர்ந்தவள் நான். கண்ணால் பார்த்ததைவிட, சீருடை போட்டவர்களுக்குத் தெரிந்திருக்கும் என்பதையே நம்பியிருப்பேன்.

பொறுப்பு, பொறுமை இரண்டுக்கும் வேர் 'பொறு' என்பதுதான். நமக்கு இரண்டையும் ஒன்றாகவே கற்றுக்கொடுத்தார்கள். தாங்கிக்கொள்பவளே பொறுப்பானவள் என்றார்கள். விமானக் கொட்டகையில் இது நேர்மாறு. 'இதை அனுப்பக் கூடாது' என்று சொல்லிக் கையெழுத்துப் போட மறுப்பவரே அங்கே பொறுப்பானவர். அப்படி மறுப்பவருக்கு வேலை போகாமல் பார்த்துக்கொள்வது மேலே இருப்பவர்களின் பொறுப்பு. இந்த இரண்டில் ஒன்றை மட்டும் கேட்பது போதாது. வீட்டுக்கும் இது பொருந்தும்.