'வேண்டாம்' என்பது யாருடைய சொல்?

"படிப்பில் ஆர்வம் இல்லை." பள்ளியிலிருந்து நின்றுபோன பெண்களைப் பற்றிய படிவங்களில், காரணம் எழுதும் கட்டத்தில் நான் அதிகம் பார்த்த வரி இதுதான். திண்டுக்கல் பக்கம், அப்படி நின்ற பதின்வயதுப் பெண்களுக்கான ஒரு மாற்றுப் பள்ளிக்கு நான் தலைமையாசிரியை. அந்த வரியை நம்புவதா மறுப்பதா என்ற கேள்வியோடுதான் என் வேலை நடக்கிறது.

நம்பினால், பதினைந்து வயதுப் பெண்ணின் விருப்பத்தை மதித்தேன் என்று சொல்லி அவளைக் கைவிட்டுவிடலாம். கல்வி உரிமைச் சட்டமும் 6 முதல் 14 வயதோடு நின்றுவிடுகிறது. மறுத்தாலோ, "உனக்கு எது நல்லதுன்னு எனக்குத் தெரியும்" என்று அவள் அப்பாவும் மாமாவும் சொல்லிவந்ததையே நானும் சொன்னவளாவேன். பெண்ணின் 'வேண்டாம்' மதிக்கப்பட வேண்டும் என்று எழுதியும் பேசியும் வந்தவர்கள் நாம். நமக்குப் பிடிக்காத இடத்தில் அவள் அதைச் சொல்லும்போது என்ன செய்வது?

நெடுநாள் இல்லாமையில் வாழ்பவர்கள், கிடைக்கக்கூடியதற்கு ஏற்பத் தங்கள் ஆசைகளையே சுருக்கிக்கொள்வார்கள் என்கிறார் அமர்த்திய சென். உண்மைதான். ஆனால் இதைக் கையில் வைத்துக்கொண்டு எந்தப் பெண்ணின் மறுப்பையும் தள்ளிவிடலாம் என்பதும் உண்மை. ஆகவே மறுப்பை எடைபோடுவதற்கு முன், அவள் எதை மறுத்தாள் என்று கேட்கிறேன். தண்ணீர் வராத கழிப்பறை. கடைசி பஸ். சாதியைச் சொல்லி அழைத்த ஆசிரியர். யாரோ அனுப்பிய மெசேஜுக்குத் தான் வாங்கிய அடி. ஒரு மாணவி சொன்னாள்: "கணக்கு வரலைங்கறது கூடப் பரவாயில்ல டீச்சர். வரலைன்னு தினமும் எழுப்பி நிக்கவச்சாங்க, அதுதான்."

இந்தப் பக்கத்து நூற்பாலைகளில் 'சுமங்கலித் திட்டம்' என்ற பெயரில் இளம்பெண்களை வேலைக்கு எடுத்தார்கள். பெரும்பாலும் மூன்று ஆண்டு ஒப்பந்தம். முடிவில் கல்யாணச் செலவுக்கு மொத்தமாக ஒரு தொகை. இடையில் நின்றால் அந்தத் தொகை கிடைக்காமல் போனவர்கள் உண்டு. வரதட்சணையை 1961லேயே சட்டம் தடை செய்துவிட்டது. ஆலை அதற்கென்றே ஆள் எடுத்தது. அது சுரண்டல்தான். ஆனாலும் ஆலை ஒரு தொகையும் ஒரு தேதியும் சொன்னது. பள்ளி எதற்கும் தேதி சொல்லவில்லை. அப்படிப்பட்ட இடத்தில் ஆலையைத் தேர்ந்த பெண்ணுக்கு யோசிக்கத் தெரியவில்லை என்று என்னால் சொல்ல முடியாது.

அவள் மறுத்ததை முதலில் மாற்ற வேண்டும்; பிறகு மறுபடியும் கேட்க வேண்டும். இங்கே யாரையும் நிற்கவைப்பதில்லை. தண்ணீர் பிடித்து முடித்து வருகிறவர்களுக்காக வகுப்பு பத்து மணிக்குத் தொடங்குகிறது. தம்பியைத் தூக்கி வந்தால் அவனும் உட்காரலாம். தேசியத் திறந்தநிலைப் பள்ளி வழியாகத் தேர்வு எழுதுகிறார்கள். ஒருமுறை பதிந்தால் ஐந்து ஆண்டுகள், ஒன்பது வாய்ப்புகள், ஒவ்வொரு பாடமாகவும் முடிக்கலாம். இதைத் தேர்வுச் சலுகையாக மட்டும் நான் பார்க்கவில்லை. மனம் மாறும் உரிமை அதில் இருக்கிறது. பையன் படிப்பை விட்டால் "ஊர் சுத்திட்டு வருவான்" என்று காத்திருக்கும் வீடு, பெண் விட்டால் மறுமாதமே ஜாதகத்தை எடுக்கிறது. அவள் ஒருமுறை சொன்ன 'வேண்டாம்' அத்தோடு முடிவாகிவிடுகிறது. திரும்பப் பெற முடியாத மறுப்பைச் சுதந்திரம் என்று என்னால் அழைக்க முடியவில்லை.

இதற்கும் ஒரு விலை உண்டு. நாங்கள் இருக்கிறோம் என்பதாலேயே, வழக்கமான பள்ளிகள் தங்களுக்குத் தொல்லையான பெண்ணை "அங்க போய்ப் படி" என்று அனுப்பிவிட்டு, கழிப்பறையை அப்படியே விட்டுவிடலாம். இதற்கு என்னிடம் முழுமையான பதில் இல்லை. கழிப்பறைக்கு மனு எழுதுவதும் என் வேலை என்று வைத்துக்கொண்டிருக்கிறேன்.

எல்லாம் மாற்றிக் கொடுத்த பிறகும் வேண்டாம் என்று தையல் வேலைக்குப் போனவள் ஒருத்தி இருக்கிறாள். அவளைத் தேடிப் போய் நான் வற்புறுத்தவில்லை. பதிவேட்டில் அவள் பெயரை அடிக்கவும் இல்லை. அதை அவளிடமே சொல்லியிருக்கிறேன். அந்தப் பெயர் அங்கே இருப்பது அவளுக்குப் பாரமென்றால், அதையும் அவள்தான் சொல்ல வேண்டும்.