பந்தும் குவளையும்

மயிலாப்பூரில் கிரிக்கெட் பேசுகிறவர்கள் ஒரு கதையைப் பெருமையோடு சொல்வார்கள். சேப்பாக்கத்தில் வெள்ளையர் பெவிலியனில் சாப்பிட, இந்திய ஆட்டக்காரர்கள் மரத்தடியில் சாப்பிட வேண்டியிருந்தது. அது பொறுக்காமல் லஸ் புச்சிபாபு நாயுடு 1888இல் மெட்ராஸ் யுனைடெட் கிளப்பைத் தொடங்கினார். பால்வங்கர் பாலுவின் கதையை இவர்கள் சொல்லிக் கேட்டதில்லை. அந்தக் கதையில் பெவிலியனுக்குள் இருப்பது நாம்.

1876இல் தார்வாரில், தோல் தொழில் செய்யும் சாதியில் பிறந்தவர் பாலு. இடதுகை சுழல்பந்துக்காரர். புனாவில் வெள்ளையர் கிளப்பில் மாதம் 4 ரூபாய் சம்பளம். துரைகளுக்கு வலையில் மணிக்கணக்காகப் பந்து வீசினார். மட்டையை மட்டும் யாரும் அவரிடம் தரவில்லை என்பார்கள். பிறகு வெள்ளையரை ஜெயிக்க வேண்டிய தேவை வந்தபோது புனா இந்துக்கள் அவரைச் சேர்த்துக்கொண்டார்கள். தேநீர் இடைவேளையில் மற்றவர்களுக்கு உள்ளே பீங்கான் கோப்பை. அவருக்கு வெளியே மண்குவளை.

பந்து தோலால் ஆனது. அவர் விரல் பட்ட அதே பந்தை மேல்சாதி ஆட்டக்காரர்கள் பிடித்தார்கள், திருப்பி எறிந்தார்கள். தீட்டு ஒட்டவில்லை. இடைவேளையில் குவளையில் வந்து ஒட்டிக்கொண்டது. ஆகவே தீட்டை ஒரு நம்பிக்கை என்றுகூடச் சொல்ல முடியாது. நம்பிக்கையென்றால் அதில் ஒரு மூட நேர்மையாவது இருந்திருக்கும். இது சௌகரியம். அமெரிக்க பேஸ்பாலில், 1947இல் ஜாக்கி ராபின்சன் வரும்வரை, மேஜர் லீக் கறுப்பர்களைப் பல பத்தாண்டுகள் வாசலிலேயே நிறுத்தி வைத்தது. கொடுமைதான். நாமோ கோட்டை ஒரே மனிதனின் உடம்பில் கிழித்தோம்: விரல் வேண்டும், உதடு வேண்டாம். (இரட்டைக் குவளை நம் டீக்கடைகளுக்கும் புதிதல்ல.)

விக்கெட்டுகள் சேரச் சேர, குவளை போய்ப் பந்தி வந்தது. திறமை ஜெயித்தது என்று இதைச் சொல்வது வழக்கம். எனக்குச் சம்மதமில்லை. 1911 இங்கிலாந்துப் பயணத்தில் பாலு எடுத்தது 114 விக்கெட். பத்தோடு நின்றிருந்தால்? கூட உட்கார்ந்தவர்களில் யாரும் அந்த நாற்காலிக்கு விக்கெட் கணக்கு காட்டவில்லை. அத்தனை எடுத்தும் தலைமை கிடைக்கவில்லை. 1920இல் தம்பிகள் ஆட மறுத்த பிறகே துணைத்தலைவர் பதவி. இந்துக்கள் அணிக்குத் தலைவரானது தம்பி விட்டல், 1923இல்.

1937 பம்பாய்த் தேர்தலில் பாலு காங்கிரஸ் வேட்பாளராக அம்பேத்கரை எதிர்த்து நின்று தோற்றார். துரோகம் என்று எழுதிவிடுவது சுலபம். கதவுகள் ஒவ்வொன்றாக, மெதுவாக, தனக்குத் திறந்ததைப் பார்த்தவர் அவர். திறக்கும் என்று நம்பியதில் ஆச்சரியமில்லை. அம்பேத்கருக்கு வாக்களித்தவர்களில் பெரும்பாலோர் கைக்குப் பந்தே வந்ததில்லை.